போர்ட்ஃபோலியோவில் ஒன்பது கழிப்பறைகள்

ஒரு கட்டடத்தில் யாரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத இடம் எதுவோ, அதை வரையும் வேலை அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்தவருக்கு வந்து சேரும். கட்டடக் கலை படித்த எல்லோருக்கும் இது தெரியும். படிக்கும் காலத்தில் மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். பல்கலைக்கழகத்தில் நான் பழம்பொருள் வைக்கும் நூதனசாலை வரைந்தேன், நூலகம் வரைந்தேன், மகாவலி ஆற்றில் மிதக்கும் ஒரு சந்தைகூட வரைந்தேன். கண்டியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் மேசைக்கு ஒரு துண்டுக் கடதாசி வந்தது. "ஆண்கள் இரண்டு, பெண்கள் இரண்டு, பேசின் மூன்று" என்று அதில் எழுதியிருந்தது. ஆட்களின் எண்ணிக்கை என்று நினைத்து ஐந்து நிமிடம் யோசித்தேன்.

இரண்டு வருஷம் போனது. ஒரு திங்கட்கிழமை எங்கள் முதலாளியான சேர் எல்லோரையும் கூப்பிட்டு, அடுத்த மாதக் கடைசியோடு அலுவலகத்தை மூடிவிட்டு வெளிநாட்டில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். தனியாகத் தொழில் செய்ய வேண்டிய பட்டயத் தகுதிக்கு எனக்கு இன்னும் ஒரு வருஷப் பயிற்சி பாக்கி. அதை ஒரு பட்டயக் கட்டடக் கலைஞரின் கீழ்தான் முடிக்க வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போய், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் வேலை இல்லாமல் வந்திருக்கிறாள் என்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பதில் சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. இந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்று பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்.

அந்த வாரமே ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பேராதனைப் பக்கம் ஓர் அலுவலகம், பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பவர்கள், ஒரே ஓர் இளைய கட்டடக் கலைஞரைத் தேடுகிறார்கள். விண்ணப்பத்தோடு போர்ட்ஃபோலியோ வேண்டும். செய்த வேலைகளைப் படமும் வரைபடமுமாகக் கோத்துக் காட்டும் புத்தகம் அது. வேலை தேடி அலைந்து, தன்னைத்தானே ஒரு புத்தகமாகத் தைத்துக் கொண்டுபோய் யாரோ ஒருவருடைய மேசையில் வைத்துவிட்டு, அவர் பக்கம் புரட்டும் வேகத்தைப் பார்த்து வியர்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அனுதாபம் உங்களுக்கு உண்டு. உங்களுடையது எனக்கும் வேண்டும்.

என் எழுத்தைத் தேடி

வரைபடத் தாள் ஒவ்வொன்றிலும் வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வடிவமைத்தவர், வரைந்தவர், சரிபார்த்தவர் என்று மூன்று இடம். அந்தந்த ஆள் தன் பெயரின் முதலெழுத்துகளை அதில் போட வேண்டும். இரண்டு வருஷத்தில் நான் என்னென்ன செய்தேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லாததால், அலுமாரியில் இருந்த தாள்களை எல்லாம் இறக்கி என் எழுத்தைத் தேடினேன். 'வரைந்தவர்' என்ற இடத்தில் மட்டும்தான் அது இருந்தது. ஒன்பது கழிப்பறை. நான்கு மாடிப்படி, அதில் ஒன்று தீ வந்தால் மட்டும் இறங்குவது. கதவுப் பட்டியல் ஒன்று. குப்பைத் தொட்டி வைக்கும் அறை ஒன்று.

எங்கள் அலுவலகத்தின் படவரைஞர் ஜெயந்தன் அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். நான் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கழிப்பறைகளை ஒரு பக்கமும் படிகளை ஒரு பக்கமுமாக அடுக்கிக்கொண்டிருந்ததை, தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று பார்த்தார். கழிப்பறை அடுக்கு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. மற்றது வரவில்லை. அவர் ஆறுதல் சொல்வார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"தங்கச்சி, நீர் ஏன் கட்டடக் கலைஞர் வேலைக்குப் போடுறீர்? சுகாதாரப் பரிசோதகர் வேலைக்குப் போடும். உடனே எடுப்பினம்."

நாங்கள்

சிரித்து முடிந்ததும் ஜெயந்தன் அண்ணா உண்மையாகவே ஒரு யோசனை சொன்னார். எங்கள் அலுவலகம் மலைச்சரிவில் ஒரு பெரிய ஹோட்டல் செய்திருந்தது. அதன் முகப்புப் படத்தை முதல் பக்கம் முழுக்கப் போட்டு, கீழே 'நாங்கள் வடிவமைத்தோம்' என்று எழுதச் சொன்னார். "பொய் இல்லைத்தானே. 'நாங்கள்' எண்டால் அதுக்குள்ள நீரும் வாறீர், நானும் வாறன், தேத்தண்ணி போடுற அக்காவும் வாறா." அப்படியே எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. அன்றிரவு தூங்கி எழுந்து குண்டசாலையில் நான் தங்கியிருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது, நேர்முகத்தில் யாரோ ஒருவர் "இந்தக் கூரைக்கு ஏன் இந்தச் சரிவு?" என்று கேட்பதும், நான் "சேர் வெளிநாடு போய்விட்டார்" என்று பதில் சொல்வதும் கண்முன் வந்தது. தரிப்பிடம் தாண்டிப்போய் இறங்கினேன்.

அலுவலகத்துக்குப் போனதும் முகப்புப் படத்தை அரைப் பக்கமாகச் சுருக்கினேன். இடது பக்கத்தில், தென்னைமரத்துக்குப் பின்னால் தெரிந்தும் தெரியாமலும் இருந்த ஒரு குட்டி ஜன்னலுக்குச் சிவப்பு அம்புக்குறி போட்டு, "கட்டடத்தை வடிவமைத்தது எங்கள் சேர். இந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பதை வரைந்தது நான்" என்று எழுதினேன். அலுவலக வேலையை வெளியே காட்டச் சேருடைய சம்மதக் கையெழுத்து வேண்டும். அவர் எதையும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் பேனையைத் தொடுவார். அன்றைக்கு மூன்று தடவை வாசித்தார். பேனையைத் திறந்துகொண்டே சொன்னார்.

"எத்தனையோ பேர் என்னிடம் வேலை செய்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஹோட்டலை நான்தான் வடிவமைத்தேன் என்று எழுத்தில் ஒத்துக்கொண்ட முதல் ஆள் நீங்கள்."

இரண்டாம் கோப்பிக் காலம்

கண்டிச் சீமைக்குக் கோப்பிக் காலம் இரண்டு தடவை வந்திருக்கிறது. முதல் தடவை எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். இலையில் நோய் விழுந்து கோப்பி போய், தேயிலை வந்தது. இரண்டாம் தடவை இப்போது நடக்கிறது. குடியிருக்க ஆளில்லாத பழைய வீடு, மூடிப்போன பேக்கரி, கார் இல்லாத கராஜ், எதைக் கண்டாலும் சுவரைப் பூசாமல் விட்டு, மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டு, கோப்பிக்கடை ஆக்கிவிடுகிறார்கள். எங்கள் அலுவலகம் அப்படி மூன்று கடைகள் செய்தது. மூன்றின் கழிப்பறைகளும் என்னுடையவை.

வரைபடம் மட்டும் போதாது, முடிந்த வேலையின் படமும் வேண்டும். ஒரு சனிக்கிழமை பின்னேரம், இரவல் கெமராவும் அதை நிறுத்தும் முக்காலியுமாக அதில் ஒரு கடைக்குப் போனேன். சும்மா உள்ளே போவது சரியில்லை என்று ஒரு கோப்பி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனேன். கதவைச் சாத்தின பிறகுதான் என் கெட்டித்தனம் விளங்கியது. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று, இருக்க வேண்டிய ஆகக் குறைந்த அளவிலேயே அந்த அறையை நான் வரைந்திருந்தேன். முக்காலி உள்ளே வந்தால் நான் வெளியே. நான் உள்ளே வந்தால் முக்காலி பேசினுக்குள். கடைசியில் கொமட் மூடியின் மேல் ஏறி, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு எடுத்தேன். எடுத்த படம் எல்லாவற்றிலும், கண்ணாடியில், பல்லி மாதிரி நான் தெரிந்தேன். குனிந்து எடுத்தேன், தலை தெரிந்தது. இன்னும் குனிந்தேன், முழங்கை தெரிந்தது.

வெளியே தட்டினார்கள். "ஆள் இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டினார்கள். பதற்றத்தில், "இன்னும் ரெண்டு படம்தான்" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் கதவைத் திறந்தபோது ஐந்து பேர் வரிசையில் நின்றார்கள், ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரிசைக்கு முன்னால் நின்றவர், எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்த அக்கா. கெமராவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மிஸ், கோப்பி சரியில்லைன்னா எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே. இப்படிச் சாட்சி எல்லாம் எதுக்கு எடுக்கிறீங்க?"

மடவளையில் சூரியன் இறங்கும் திசை

நான் வரைந்ததிலேயே எனக்குப் பிடித்த வேலை மடவளையில் ஒரு ஹாஜியாருடைய வீடு. துணிக்கடை வைத்திருப்பவர். அந்த வீட்டுக்குக் கழிப்பறை மூன்று. முதலில் அவற்றை வரைந்தபோது, வடக்கைக் காட்டும் அம்புக்குறியை ஹோட்டல் தாளிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். எங்கள் தொழிலில் நாள்தோறும் யாராவது செய்கிற பிழை இது. ஹோட்டல் நின்ற காணி ஒரு பக்கம் பார்த்தது, ஹாஜியாருடைய காணி இன்னொரு பக்கம் பார்த்தது. என் தாளில் மட்டும் இரண்டுக்கும் ஒரே வடக்கு.

வரைபடமான பிளேனைக் காட்ட நான் போன அன்று அவர் அதைக் காணியிலேயே விரித்து, ரோட்டுக்கு நேராகத் திருப்பி வைத்து, அதன் மேல் தன் போனை வைத்தார். வடக்கையும், தொழும்போது முகம் திருப்பும் மேற்குப் பக்கக் கிப்லாவையும் காட்டுகிற போன். என் வடக்கு ஒரு பக்கம், போனுடைய வடக்கு ஒரு பக்கம். "போன் பிழையா, பிளேன் பிழையா மகள்?" என்று கேட்டார். ஒளிக்காமல் சொல்கிறேன், "போனாத்தான் இருக்கும் ஹாஜியார், சில போன் அப்படிக் காட்டும்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பள்ளிவாசலில் மஃரிபு என்கிற அந்தித் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார், நானும் பார்த்தேன். சூரியன் இறங்கி முடிந்த சிவப்பு நேர் எதிரே, என் மூன்று கொமட்டுகளும் எந்தப் பக்கம் பார்த்திருந்தனவோ அந்தப் பக்கத்தில் தெரிந்தது. கழிப்பறையில் உட்காரும்போது கிப்லாவுக்கு முகம் காட்டியும் கூடாது, முதுகு காட்டியும் கூடாது என்று போனை வைக்கும்போதுதான் அவர் சொல்லியிருந்தார். ஹாஜியார் கோபிக்கவில்லை. தொழுதுவிட்டு வந்து, "போன் நல்லாத்தான் ஈக்கி" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் முழுக்க இருந்து மூன்றையும் திருப்பினேன். திருப்பினதில் குழாய் போகும் தூரமும் குறைந்தது.

போர்ட்ஃபோலியோவில் பிழையான தாளையும் திருத்திய தாளையும் பக்கம் பக்கமாகப் போட்டு, அம்புக்குறியை ஒட்டியது நான்தான் என்றும் எழுதினேன். வீட்டுக்காரருடைய சம்மதம் வேண்டுமே, அதற்காக மறுபடி மடவளைக்குப் பஸ் ஏறினேன். மாட்டேன் என்பார் என்று பயந்துகொண்டே போனேன். இரண்டு தாளையும் ஆறுதலாகப் பார்த்து, "நல்லம், போடுங்க" என்று சொல்லிவிட்டு, நான் எழும்பும் நேரம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்ட பேர மட்டும் போட்டுடாதீங்க மகள். மூணு கக்கூஸ் ஈக்கிற வீடுண்டு ஊருக்குத் தெரிஞ்சா, சொந்தக்காரங்க எல்லாம் பெட்டி படுக்கையோட வந்துடுவாங்க."

ஏரி தெரியும் ஜன்னல்

அச்சடிக்கக் கொடுத்தது டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில். அங்கே பெரும்பாலும் கலியாண அல்பம்தான் செய்வார்கள். ஸ்டூடியோக்கார அண்ணன் என் கோப்பைத் திறந்து பார்த்து, மணமகள் எங்கே என்று கேட்பவர் போல என்னை ஒரு தடவை பார்த்தார். இரண்டு நாள் கழித்துப் போனேன். புத்தகம் பளபளவென்று இருந்தது. மூலைகளில் பொன் நிறப் பூங்கொடி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். உள்ளே, என் கோப்பிக்கடைக் கழிப்பறையின் ஜன்னல் வழியாகக் கண்டி ஏரி தெரிந்தது. ஏரியில் இரண்டு அன்னம்.

நிஜத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே ஒன்றரை அடியில் மண்சரிவைத் தாங்கும் கொங்கிறீட் சுவர் இருக்கிறது. கண்டியில் வீட்டுக்குப் பின்பக்கம் என்றாலே அந்தச் சுவர்தான். எங்கே பின்பக்கமோ அங்கே கழிப்பறை, எங்கே கழிப்பறையோ அங்கே சுவர். ஏரி அங்கிருந்து பார்த்தால் தெரியாது, கூரையில் ஏறினாலும் தெரியாது. அன்னத்தை எடுத்துவிட்டு என் சுவரைத் திருப்பிப் போட்டுத் தாருங்கள் என்று கெஞ்சினேன். அண்ணனுக்கு மனம் நொந்துவிட்டது. இலவசமாகச் செய்து கொடுத்த வேலையை இதுவரை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லையாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சாம்பல் நிறச் சுவர் மறுபடி வந்ததும், கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பாருங்க மிஸ். செவத்தப் பாக்கிறதுக்குன்னு யாராச்சும் ஜன்னல் வைப்பாங்களா?"

வெளியீட்டு விழா

நேர்முகத்துக்கு முந்தின ஞாயிறு, புத்தகத்தோடு ஹேவாஹெட்டவுக்குப் போனேன். அப்பாவுக்குக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். அப்பா, மகள் ஹோட்டல் கட்டியிருக்கிறாள் என்று முதல் நாளே லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பக்கத்து வீட்டார், எதிர் வீட்டார் என்று ஒன்பது பத்துப் பேர் வந்து கதிரையிலும் கட்டிலிலும் வாசற்படியிலும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா கை கழுவி, துடைத்து, முதல் பக்கத்தைத் திறந்தார். ஹோட்டலைக் கண்டதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் சிவப்பு அம்புக்குறியை விளக்கினேன். அப்பா அடுத்த பக்கம் புரட்டினார். கழிப்பறை. அதற்கடுத்த பக்கமும் கழிப்பறை. ஹாஜியாருடைய பக்கத்தில் மூன்று கழிப்பறை. ஒரு மாமா மட்டும், "வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார்.

அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீட்டுக்கு இரண்டே இரண்டு கழிப்பறைதான் இருந்தது. அதுவும் கீழே இறங்கிப் போக வேண்டும். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, மெல்ல அம்மாவிடம் சாய்ந்து, "இவ்வளவு படிச்சிட்டு எதுக்கு இத வரையிறா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அடுப்படியிலிருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்து பக்கத்தில் நின்ற அம்மா, தட்டைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"பின்ன? தெனமும் விடிய அந்த வரிசையில நின்னுக்கிட்டே படிச்ச புள்ள. வேற எத வரைவா?"

நேர்முகம்

நேர்முகம் ஆங்கிலத்தில் நடந்தது. அதைத் தமிழில் சொல்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். அலுவலகத்தின் தலைவியான கட்டடக் கலைஞர், நரைத்த தலைமுடியைக் கொண்டையாகப் போட்டு அதில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். பக்கத்தில் ஒரு பொறியியலாளர். முன்னறையில் எனக்கு முன்னால் வந்தவர்களின் போர்ட்ஃபோலியோக்களைப் பார்த்திருந்தேன். ஒவ்வொன்றும் தேநீர்த் தட்டு அளவு. ஒன்று கறுப்புத் தோல் உறை போட்டது, இன்னொன்றுக்குக் கைப்பிடிகூட இருந்தது. என்னுடையதில் பொன் நிறக் கொடியை நகத்தால் சுரண்டி எடுத்த இடம் வெளுத்திருந்தது.

பொறியியலாளர் ஹாஜியாருடைய கிப்லாத் தாள்கள் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார். "பிழையான வரைபடத்தை யாராவது கொண்டுவந்து காட்டுவார்களா?" என்று கேட்டார். வீட்டில் இருந்து பாடமாக்கி வந்த பதில் எல்லாம் போய்விட்டது. "அதையும் நான்தான் வரைந்தேன் சேர்" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. அவர் குழாயைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டார். ஐந்துக்கும் பதில் தெரிந்தது. அலுவலகத்தில் யாருக்கும் வேண்டாத வேலையை இரண்டு வருஷம் செய்தால் அதைப் பற்றி எவ்வளவு தெரிந்துவிடுகிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். தண்ணீர் வெட்டினால் வாளி வைக்க எங்கே இடம் விடுவேன், ஒருவர் உள்ளே விழுந்தால் கதவை எப்படித் திறப்பது, மழைக் காலத்தில் மலைப்பக்கச் சுவரில் ஈரம் எந்த உயரத்துக்கு ஏறும் என்றெல்லாம் கேட்காததையும் சொல்லத் தொடங்கிவிட்டேன். பொறியியலாளர் கையை உயர்த்தி நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்தது தலைவி அம்மையாருடைய முறை. திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போய், ஹோட்டல் படத்தை, அம்புக்குறியை, கீழே இருந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து அந்தக் குட்டி ஜன்னலைத் தொட்டார். திட்டப்போகிறார் என்று முடிவு செய்து, கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"காலையிலிருந்து நாலு பேர் வந்து இந்த ஹோட்டலை வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே கழிப்பறை இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது."

இல்லாத அறை

பதினொரு நாள் அழைப்பு வரவில்லை. எங்கள் அலுவலகத்தில் கதிரைகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஜெயந்தன் அண்ணா யாழ்ப்பாணத்துக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டு, எனக்காகத் தன் கதிரையைக் கடைசி வரை கொடுக்காமல் வைத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அசையாமல் நின்றபோது போன் அடித்தது. வேலை உங்களுக்கு, முதலாம் திகதி வாருங்கள், மலை ஏறக்கூடிய சப்பாத்து போட்டு வாருங்கள் என்றார்கள். பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் கையைப் பிடித்து, "கெடச்சிருச்சு" என்றேன். என்ன கிடைத்தது என்று கேட்காமல் அவரும், "நல்லது, நல்லது" என்றார்.

முதல் நாள் வேனில் ஏற்றிக்கொண்டு போன இடம் எங்கள் தோட்டத்துக்கும் மேலே, முதல் கோப்பிக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டின பங்களா. கீழே கருங்கல், மேலே மண்சுவர், நான்கு பக்கமும் தாழ்வாரம். அதைக் கோப்பிக்கடையோடு சேர்ந்த தங்குமிடம் ஆக்குகிறார்கள். பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று, பிற்காலத்தில் யார் யாரோ ஒட்டிய அறைகளை எல்லாம் இடித்துத் தள்ளியிருந்தார்கள். கழிப்பறைகளும் அதோடு போய்விட்டன. பழைய சுவரில் இனி ஒரு துளைகூடப் போடக் கூடாது. அம்மையார் வெற்றுத்தாளை என் கையில் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்தில் நின்று யாருடனோ போனில் பேசப் போய்விட்டார்.

நான் ஒவ்வோர் அறையாகப் போய் அளந்தேன். பத்து அறை இருந்தது. நான் தேடின அறை எந்தக் காலத்திலும் இருந்ததற்கு அடையாளமே இல்லை. பங்களாவின் காவல்காரர் எங்கள் தோட்டத்துக்காரர்தான். என் பின்னாலேயே டோர்ச் லைட்டோடு வந்துகொண்டிருந்தார். "ஐயா, இந்த வீட்டைக் கட்டின காலத்துல இதுக்கெல்லாம் என்னதான் பண்ணியிருப்பாங்க?" என்று அவரைக் கேட்டேன். அவர் ஜன்னலைத் தள்ளித் திறந்து, இப்போது தேயிலை நிற்கிற சரிவைக் கையால் காட்டினார்.

"தொரைக்குக் கட்டிலுக்குக் கீழ ஒரு பீங்கான் சட்டி. மத்த எல்லாருக்கும் கோப்பிக்காடு."

ஆக, கோப்பிக் காலத்தில் யாருமே வரைய நினைக்காத ஓர் அறையை வரைவதற்காக நான் நான்கு வருஷம் படித்து, இரண்டு வருஷம் பழகி, பத்தாவது கழிப்பறையை மிகுந்த பெருமையோடு தொடங்கியிருக்கிறேன்.